நான்காவது பிஸ்டன்

அத்தியாயம் 9

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் இறங்கியபோது மாட்டுவண்டிக்காரர் என்னைத்தான் முதலில் பார்த்தார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, கையில் தோல் பை. துப்பறியும் ராஜமாணிக்கத்தின் உதவியாளர் ஆரோக்கியமேரி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவா முடியும்?

“நர்ஸம்மா, யார் ஊட்டுக்கு?”

“மிராசுதார் வீரராகவன் ஊட்டுக்கு.”

“ஐயையோ, அங்க யாருக்கு இன்னா?”

“மூணு வெளிய வந்துடுச்சு. நாலாவது மாட்டிக்கினு வரமாட்டேங்குது. இருபது வருசமா.”

வண்டிக்காரர் அதன் பிறகு வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. மாட்டிடம் மட்டும் பேசினார்.

“பாவம், ஏன் அவரைக் கலங்கடிக்கிறே?” என்றார் ராஜமாணிக்கம் சார்.

“பொய் ஒண்ணும் சொல்லலையே சார். இன்ஜினில் நாலு பிஸ்டன். மூணு அசைஞ்சு கொடுத்துடுச்சு. நாலாவது சிக்கிக்கிட்டிருக்கு. கடிதத்தில் அப்படித்தானே எழுதியிருக்கு?”

கடிதத்தை நான் மறுபடி பிரித்துப் பார்த்தேன். ‘என் பழைய கார் இன்ஜினில் மூன்று பிஸ்டன் அசைந்துவிட்டது. நாலாவது மட்டும் இருபது வருஷமாகச் சிக்கியிருக்கிறது. அதை எவனோ கெடுக்கிறான். வெள்ளிக்கிழமை வந்து கண்டுபிடித்துத் தரவும். இப்படிக்கு, வீரராகவன்.’ முத்து முத்தான கையெழுத்து. ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு மஞ்சள் கறை.

காரின் கதை அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1927-ஆம் வருஷத்து மாடல். கம்பெனி பெயர் சொன்னால் அவர்கள் வருத்தப்படலாம், வேண்டாம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் மிராசுதார் அதை வாங்கி, மவுண்ட் ரோடிலிருந்து ஆரம்பாக்கம் வரை ஒரே மூச்சில் தாமே ஓட்டிக்கொண்டு வந்தாராம். ஓட்டிய வேகத்தில் இன்ஜின் சூடேறி, வீட்டு வாசலில் வந்து இறுகிக்கொண்டதாம். அன்று நின்றதுதான் கார். கதை மட்டும் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். வரும் புதன்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்போ மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்களே அந்தக் காரை ஓட்டிட்டு வாங்க சம்பந்தி” என்று சொல்ல, சபையே கைதட்டிவிட்டது. மிராசுதார் தலையாட்டியாக வேண்டியதாயிற்று. கும்மிடிப்பூண்டியில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் அமானுல்லாவைக் கூப்பிட்டார்கள். பட்டறை நிற்பது மிராசுதாரின் நிலத்தில். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேச்சு முற்றி, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் இன்ஜின் சுற்றாவிட்டால் பட்டறையைக் காலி செய்வது என்று முடிவாகிவிட்டது. அமானுல்லாவும் வீம்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். மணி பத்து.

அவருடைய கடிதத்தின் பேரில் வந்திருப்பதாக வாசலில் சார் சொன்னதும் மிராசுதார் சந்தோஷப்படவில்லை. திடுக்கிட்டார். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம், மீசையைப் பார்த்தாலே காரும் குதிரையும் ஓட்டியிருப்பார் என்று நம்பத் தோன்றும்.

“துப்பறியறவரா? நானா எழுதினேன்? ஆமா, ஆமா. எழுதியிருப்பேன். கல்யாண வேலையில மறந்துட்டேன்.”

“மறதி நல்லதுதான்” என்றார் சார். “கெட்ட ஞாபகத்தை விட.”

“இவ்ளோ பேர் வாங்கினவரு, கார்ல வராம பாசஞ்சர்ல வந்திருக்கீங்களே?”

“ரயிலில் மனுஷங்க முகத்தைப் படிக்கலாம்.” சார் இதைச் சொல்லும்போதெல்லாம் வலது மணிக்கட்டைத் தடவிக்கொள்வார். அது சற்றுக் கோணல். ஏழுகிணறு கொள்ளைக்காரன் ஒருவன் இரும்புத்தடியால் அடித்தது என்று சொல்வார். கேஸுக்குக் கேஸ் அந்தக் கொள்ளைக்காரனின் உயரம் கூடிக்கொண்டே போகும். போன மாதம் ஆறரை அடி வரை வளர்ந்திருந்தான்.

கார் கொல்லைப்புறக் கொட்டகையில் நின்றது. அமானுல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். எண்ணெயில் கை வைக்கிறவன் என்று அண்ணன்மார்கள் கேலி செய்ததில் கோபித்துக்கொண்டு வந்து பட்டறை போட்டவர். அது போனால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணன் கடையில் போய் நிற்க வேண்டும்.

“தல மூடிய கழட்டிட்டேன், பாருங்க சார். நாலு பொத்தல். ஒவ்வொண்ணுலயும் ஒரு பிஸ்டன். மூணையும் எடுத்துத் தொடச்சி மறுபடி போட்டாச்சு. இந்த நாலாவதுதான் துருவுல ஒட்டிக்கினு உக்காந்துகினு இருக்கு. இது நவுந்தா மொத்த இன்ஜினும் சுத்தும். இல்லாங்காட்டி ஒண்ணும் கெடையாது.”

“சுத்தியலால் ஒண்ணு போட்டா?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கைக்குழந்தையை அடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. “ஒடஞ்சிடும் மிஸ்ஸம்மா. இருபத்தேழாம் வருசத்து பிஸ்டனுக்கு எந்தக் கடைக்குப் போறது? ஊற வைக்கணும். மண்ணெண்ணெய் ரெண்டு பங்கு, வெளக்கெண்ணெய் ஒரு பங்கு. அப்பால மரக்கட்டைய வச்சி மெள்ளத் தட்டணும். ஹேண்டில மாட்டி இப்டி கொஞ்சம், அப்டி கொஞ்சம்.”

சொல்லிக்கொண்டே காரின் மூக்கில் செருகியிருந்த, சுற்றி ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டிலைப் பிடித்து மேலே இழுத்துக் காட்டினார். நான்கு விரல்களால் கொக்கி போல் பிடித்திருந்தார். கட்டைவிரலும் ஐந்தாவது விரலாக அந்தப் பக்கமே ஒட்டிக் கிடந்தது. ஹேண்டில் அசையவில்லை.

“இன்ஜின்தான் சுத்தலையே, அப்புறம் ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?” என்று கேட்டார் சார்.

“பழக்கம் சார். கை தானா அப்டித்தான் புடிக்கும்.”

நான் அதை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

“மூணு வாரமா ஊற வச்சி, போன வாரம் மயிரிழை மயிரிழையா நவுர ஆரம்பிச்சுது” என்றார் அமானுல்லா. “மறுநாள் வந்து பாத்தா எண்ணெய்க்குக் கீழ தண்ணி. நாக்குல வச்சா ஒரே உப்பு. மறுபடி கப்புன்னு புடிச்சிக்கிச்சு. ரெண்டு தபா அப்டி ஆச்சு. இன்னிக்கி காலைல மூணாவது தபா. மூணு தபாவும் துணியால ஒத்தி எடுத்தேன். உள்ள எறங்கினது எறங்கினதுதான். ஒரே பேஜாரு சார்.”

“கொட்டகைச் சாவி?”

“ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு ஊட்டுக்குள்ள பூஜை ரூம் ஆணில. நான் கொல்லைப்புறத்தத் தாண்டி உள்ள போனதில்ல.”

மூன்று துணிகளையும் சார் வெயிலில் விரித்தார். முதல் இரண்டிலும் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. இன்றைய துணி மட்டும் சிவப்பு.

“இது துரு” என்றார் சார்.

“துரு உறைக்குமா சார்?” என்றேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனதுமே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிக்கொண்டு வந்தது வேறொரு வாசனை. துணியின் மடிப்பில் கறுப்பாக ஒரு துளி ஒட்டியிருந்தது. கடுகுத் தோல். அதை நாக்கு நுனியில் வைத்தேன்.

“மேரி! அது மண்ணெண்ணெய்!”

“வச்சாச்சு சார். மிளகாய், கடுகு, உப்பு, மாங்காய்ப் புளிப்பு. இது மாவடுத் தண்ணீர்.”

செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் மாவடு போடுகிறவள் நான். மற்ற விஷயத்தில் தப்பு செய்வேன். மாவடு விஷயத்தில் செய்யமாட்டேன்.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. மிராசுதாரின் மைத்துனர் மணவாளன். சட்டைப் பையில் ரைஸ் மில் கேட்லாக் ஒன்று எட்டிப் பார்த்தது. ரோட்டோரமாக இருக்கும் பட்டறை நிலத்தில் ரைஸ் மில் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“இன்னா பாய், சாமான்லாம் மூட்டை கட்டியாச்சா? சார், நீங்க வேற வீணா மெனக்கெடறீங்க. இவனே தண்ணி ஊத்திக்கினு நாடகம் ஆடறான். துருப்புடிச்சிப் போச்சுன்னா மாமா பழைய இரும்புன்னு கார இவனுக்கே தள்ளிடுவாருன்னு கணக்கு.”

“நீங்க இந்த வீட்டிலேதான் இருக்கீங்களா?”

“நான் கும்மிடிப்பூண்டி. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன்.”

“மாவடு பிடிக்குமா?”

“எனக்கு வயித்துல புண்ணு சார். டாக்டர் ஊறுகாயக் கண்ணாலயே பாக்கக் கூடாதுன்னுட்டாரு” என்று வருத்தமாகச் சொன்னார். இவ்வளவு பொருத்தமான குற்றவாளி கண்ணெதிரே கரைந்து போவதைப் பார்க்க எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அமானுல்லா ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். எங்களுக்கு உள்ளே சாப்பாடு. மிராசுதாரின் மனைவி ஜானகியம்மாள் பரிமாறினார். சின்ன உருவம், பெரிய குங்குமம், சத்தமே இல்லாத நடை. தயிர் சாதத்துக்கு மாவடு வந்தது. வற்றலாக வந்தது.

“தண்ணி இல்லாம மாவடா?” என்றேன்.

“அத ஏன் கேக்கறே மேரி” என்றார் அவர். என் பெயரை நான் அவரிடம் சொன்ன ஞாபகம் இல்லை. “போன வாரம் ரெண்டு நாளு உப்பு ஜாடி பாதியா கொறஞ்சிருந்துது. உப்ப எடுத்துப் பொட்டில வச்சிப் பூட்டிட்டேன். இன்னிக்கி பாத்தா மாவடு ஜாடி வத்திப் போயிருக்கு. கல்யாணத்துக்குன்னு வச்சது.”

“ஜாடியைப் பார்க்கலாமா?”

“கை ஈரமில்லாம இருந்தா பாரு.”

சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஜாடி இருந்தது. வாயில் துணி கட்டி, மேலே தட்டு வைத்து, பக்கத்து ஆணியில் மர அகப்பை உலர்ந்து தொங்கியது. உள்ளே ஒரு பூஞ்சைப் புள்ளி கிடையாது. திருடினவர் கையைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த அகப்பையால் மொண்டு, துணியைப் பழையபடி கட்டிவிட்டுப் போயிருக்கிறார். என்ன மரியாதையான திருடன்! இந்த வீட்டில் பல வருஷம் திட்டு வாங்கின கையாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். ஜானகியம்மாள் பரீட்சைப் பேப்பரைத் திருத்தும் டீச்சரைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லைக்கு ஓடி வந்து சாரிடம் சொன்னேன். “சார், அந்த அம்மாதான்! ஜாடியை அவ்வளவு பதமா மூடி வெச்சிருக்கு. புருஷன் காரை ஓட்டி எங்கேயாவது மோதிக்குவார்னு பயம். அதான் காரே ஓடக் கூடாதுன்னு ஊத்தறாங்க.”

“ஊத்தினவங்க தானே வலிய வந்து உப்பு ஜாடி கதையைச் சொல்வாங்களா?”

“அதிபுத்திசாலியா இருந்தா சொல்வாங்க.”

“அதிபுத்திசாலியா இருந்தா, கல்யாணத்துக்கு வெச்ச மாவடுவைக் கெடுத்துக்க மாட்டாங்க.”

நோட்டில் எழுதின பெயரை அடித்தேன். அதற்குள் மிராசுதார் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். சார் முகத்தில் பெரிய ரசிகரின் பாவனையை வரவழைத்துக்கொண்டார்.

“மவுண்ட் ரோடில் அன்னிக்கு நீங்க இதை எப்படி ஸ்டார்ட் பண்ணினீங்க? ஒரு தடவை காட்டுங்களேன்.”

மிராசுதாருக்கு இது போதும். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஹேண்டிலை உலக்கை பிடிக்கிற மாதிரி, கட்டைவிரல் சுற்றி வர, இறுக்கிப் பிடித்தார். முழு உடம்பையும் போட்டுக் கீழே அழுத்தினார். “இப்டி ஒரே அழுத்து. கர்ருன்னு சிங்கம் மாதிரி எழுந்துது பாருங்க. தொர அசந்து போயி, வீரராகவன், வெல்டன்னான்.”

ஹேண்டில் அசையவில்லை. மிராசுதார் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. இரும்பு அசையாததற்கு நிம்மதிப்பட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சாரைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மேரி, கேஸ் முடிஞ்சுது. நாலு மணி வரை தூங்கலாம்.”

“யார் சார்?”

“தூங்கிட்டுச் சொல்றேன்.”

இந்தப் பழக்கத்துக்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிடுவேன் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு.

நாலு மணிக்குக் கொல்லையில் ஊர்ப் பெரியவர்கள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். காலையில் வந்த வண்டிக்காரரும் ஓரமாக நின்று, பிள்ளைப்பேறு எந்த அறையில் என்று தேடிக்கொண்டிருந்தார். அமானுல்லா தொப்பியைக் கழற்றாமல் காரின் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடியே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

“மணி நாலு” என்றார் மணவாளன். “இன்ஜின் சுத்துதா?”

அமானுல்லா வாயைத் திறப்பதற்குள் சார் முன்னால் வந்தார். “சுத்துதா இல்லையான்னு யார் பார்க்கிறது? பாய் பார்த்தால் நீங்க நம்ப மாட்டீங்க. நீங்க பார்த்தால் பாய் நம்ப மாட்டார். இந்த வண்டியை ஓட்டின ஒரே ஆள் மிராசுதார்தான். அவரே பார்க்கட்டும்.”

“அதான் நியாயம்” என்றது கூட்டம்.

மிராசுதார் தயங்கவில்லை. அது இறுகியிருக்கிறது என்று அவரைவிடத் திடமாக யாருக்குத் தெரியும்? துண்டை வரிந்து கட்டினார். ஊரைப் பார்த்து, “என் பலத்துக்கே நவுரலன்னா, அப்பால பேச்சு கெடையாது” என்று அறிவித்துவிட்டு, ஹேண்டிலை முஷ்டியாகப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் போட்டார்.

இன்ஜினுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம்.

ஹேண்டில் சுற்றியது. மிராசுதாரும் அதோடு கீழே போய், சாணி மெழுகின தரையில் குப்புற விழுந்தார். நாலு பொத்தல்களிலும் நாலு பிஸ்டன்கள் ஏறி இறங்கின. நாலாவதன் தலையில் மட்டும் மிளகாய்ச் சிவப்பு.

“மிராசு கையே கை!” என்று யாரோ கத்தினார்கள். “மூணு வாரமா பாயால முடியாதத ஒரே அழுத்துல முடிச்சாரே!” கூட்டம் அவரைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டியது. “புதன்கெழம மாப்பிள்ளைய நீங்களே ஓட்டிக்கினு வரணும் நைனா!”

மண் ஒட்டிய மீசையோடு மிராசுதார் அமானுல்லாவைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஆயுள் தண்டனை வாங்கினவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

அமானுல்லா மட்டும் ஆடாமல் நின்றார். குனிந்து நாலாவது பிஸ்டனை விரலால் தொட்டு முகர்ந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நானும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆறு மாதமாக சாரோடு கேஸ் கேஸாக அலைகிறேன். ஒரு இரும்புத் துண்டு நகர்ந்ததற்கு நான் அழுவேன் என்று நினைத்ததில்லை.

சார் மிராசுதாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் அழைத்துப் போனார். நானும் போனேன்.

“ஹேண்டில் போடத் தெரிஞ்சவன் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்க மாட்டான் மிராசுதார்வாள். இன்ஜின் உயிர் வந்து பின்னால் உதைத்தால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழலும். விரல் மாட்டினால் கை போச்சு. அதோட, கீழே அழுத்த மாட்டான், மேலே இழுப்பான். ஒரே ஒரு நாள் ஸ்டார்ட் செய்தவனுக்குக்கூட இது மறக்காது. நீங்க இந்தக் காரை ஓட்டினதே இல்லை.”

மிராசுதார் கொஞ்ச நேரம் வைக்கோலை உருவிக்கொண்டிருந்தார்.

“வாங்கும்போதே இன்ஜின் ஓடல சார். ரெண்டு ஜோடி மாடு கட்டி இழுத்துக்கினு வந்தோம். விடியக்காலம், யாரும் பாக்கல. காலைல ஊரே வந்து, மிராசு ஓட்டிக்கினு வந்தாரான்னுச்சு. ஆமான்னேன். ஒரே ஒரு ஆமா. அப்பால கேக்கறவங்க ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் சேத்துட்டாங்க.”

“தொரை வெல்டன் சொன்னது?” என்றேன்.

“அது நான் சேத்தது.”

“காரை நிறுத்தறதுக்கு ஒரு மனுஷன் பட்டறையைப் பிடுங்கப் பார்த்தீங்களே” என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “அவர் போய் அண்ணன் கடை வாசலில் நிற்கணுமா, உங்க மீசைக்காக?”

“வேற எடம் குடுக்கலாம்னு நெனச்சேம்மா.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புத்தான். பெரிய தப்பு. உப்பு ஊத்தின அன்னிக்கெல்லாம் நாஷ்டாவே எறங்கல. அப்பால உப்ப அவ பூட்டி வச்சிட்டா. புளிப்பு இரும்பத் தின்னுடும்னு மாவடுத் தண்ணிய ஊத்தினேன்.”

“தின்னுது. ஆனா தின்னது துருவை” என்றார் சார். “புளிப்பு துருவைக் கரைச்சுது. மாவடுவில் புரட்டின விளக்கெண்ணெய் வழுக்க வெச்சுது. மூணு வாரமா பாய் ஊற வெச்சதை நீங்க காலையில் முடிச்சு வெச்சீங்க. சாயங்காலம் நீங்களே அழுத்தி விட்டீங்க.”

மிராசுதார் தலையில் கை வைத்துக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். “புதன்கெழம நான் இன்னா பண்ணுவேன்? ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். சம்பந்தி எதிர்ல என் பொண்ணு தல குனியணுமே சார்.”

“எதுக்குக் குனியணும்?”

ஜானகியம்மாள் மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அந்த நடைக்குத்தான் சத்தமே கிடையாதே.

“மாப்பிள்ளை வந்து எறங்கும்போது பொண்ணப் பெத்தவரு வாசல்ல நின்னு எதிர்கொண்டு அழைக்கணும். நீங்க கார ஓட்டிக்கினு வந்தா வாசல்ல என் பக்கத்துல யார் நிப்பா? சம்பந்தி ஏதோ ஆசையில சொல்லிட்டாரு. சபையில ஒருத்தருக்குக்கூடவா இது தோணல?”

 மிராசுதார் மெதுவாக எழுந்து நின்றார்.

“இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க மொதல்லயே என்ன கேட்டிருக்கலாமில்ல?” என்றார் ஜானகியம்மாள். “கேட்டா, ஓட்டத் தெரியாதுன்னு எங்கிட்ட ஒத்துக்கணுமே. இருபது வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. அந்த ரெண்டு ஜோடி மாட்டுக்கும் அன்னிக்கி தவிடு வச்சது யாரு?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோல் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஓரத்திலிருந்த மஞ்சள் கறையை ஜானகியம்மாளிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“உப்பு ஜாடி ரெண்டாம் தபா கொறஞ்சப்பவே இவரு வேலைதான்னு தெரிஞ்சிப் போச்சு. இனிமே பொறுக்கக் கூடாதுன்னு தோணிச்சு, அதான் இவரு பேர்ல நான் எழுதினேன். நான் சொன்னா கோபம் வரும். பட்டணத்து ஆளு சொன்னா வெக்கம் வரும். எனக்கு வேண்டியது வெக்கம்.”

மிராசுதார் மீசையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்கு எதிரே போய் நின்றார். குரல் முதலில் கம்மியது. பிறகு தெளிந்தது.

“இன்ஜின் சுத்துனது என் கையால இல்ல. மூணு வாரமா பாய் பட்ட பாட்டால. பட்டறை அது இருக்கற எடத்துல இருக்கும், இது என் வாக்கு. புதன்கெழம மாப்பிள்ளை கார அமானுல்லாதான் ஓட்டுவாரு. நான் வாசல்ல நிக்கணும், பொண்ணப் பெத்தவன்.”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அட ஆமாம், அதுதானே முறை என்றார்கள். அதை முதலில் சொன்னது தாங்கள்தான் என்பது போல் எல்லோரும் தலையாட்டினார்கள். மணவாளன் கேட்லாக்கைச் சட்டைப் பையின் அடிவரை தள்ளினார்.

“ஆமா, அந்தத் தண்ணிய ஊத்தினது யாருன்னு சொல்லவே இல்லியே?” என்றார் அவர், கடைசி முயற்சியாக.

சார் நிதானமாகப் பதில் சொன்னார். “யார் ஊத்தினாரோ அவர்தான் இந்த இன்ஜினுக்கு விமோசனம் கொடுத்தவர். அவருக்கு விளம்பரம் பிடிக்காது.”

கூட்டம் மரியாதையோடு அமானுல்லாவைப் பார்த்தது. அமானுல்லா, மிராசுதார் பக்கம் தவறிக்கூடத் திரும்பாமல், நேராக ஜானகியம்மாளிடம் போனார்.

“அம்மா, அந்த மாவடுத் தண்ணி மிச்சம் இருந்தா ஒரு பாட்டில் குடுங்க. பட்டறைல ஒரு லாரி இன்ஜின் நாலு மாசமா புடிச்சிக்கினு கெடக்கு.”

“உள்ள வந்து வாங்கிக்கினு போ” என்றார் ஜானகியம்மாள். “கை ஈரமில்லாம வா.”

அமானுல்லா கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே போனார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வண்டிக்காரர் பொறுக்க மாட்டாமல் திரும்பினார். “நாலாவது பொறந்துச்சா நர்ஸம்மா?”

“பொறந்துச்சு. அப்பாதான் மயக்கம் போட்டு விழுந்துட்டார்.”

பாசஞ்சர் கிளம்பி, கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது ரோட்டோரத்தில் அமானுல்லாவின் பட்டறைத் தகரக் கூரை தெரிந்தது. அது அங்கேயே இருந்ததில் எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. சார் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு நாள் ஸ்டார்ட் செய்தவனுக்குக்கூட மறக்காது என்று அவர் சொன்னாரே.

“சார், உங்க கையை உடைச்ச அந்தக் கொள்ளைக்காரன்...”

“ம்.”

“இரும்புத்தடியாலதானே அடிச்சான்?”

சார் வெகு நேரம் வெளியே பார்த்தார். பொன்னேரி ஸ்டேஷன் வந்து போயிற்று.

“இரும்புத்தடிதான் மேரி. அதோட ஒரு முனை காரில் மாட்டியிருந்தது.”

நான் நோட்டை மூடிவைத்தேன். வேலையை விடும் யோசனையையும் அன்றைக்குத் தள்ளிப் போட்டேன். நாளைக்கு வரும் கட்சிக்காரரிடம் அந்தக் கொள்ளைக்காரனுக்கு ஆறே முக்கால் அடி என்று நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.